நேட்டால் ‘படையாட்சி’: குடும்பப் பெயரை வைத்துப் பழைய படமும் கடிதமும் தேட வழி உண்டா?

#1 வந்தவாசிப் பேத்தி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பாட்டனாரின் பெரியப்பா ஒருவர் வெள்ளைக்காரர் காலத்தில் கப்பலேறிப் போனவர்; திரும்பி வரவில்லை. ‘சிலோன் பெரியப்பா’ என்றுதான் வீட்டில் அவரைச் சொல்வார்கள். அவர் அனுப்பியவை என்று இரண்டு பொருள்கள் எங்களிடம் இருக்கின்றன. ஒன்று, உறையோடு கூடிய தமிழ்க் கடிதம். மற்றொன்று, தடித்த அட்டையில் ஒட்டிய புகைப்படம். கோட்டும் தலைப்பாகையுமாக ஒருவர் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நிற்கிறார். பின்புறம் டர்பன் ஸ்டுடியோ ஒன்றின் முத்திரை இருக்கிறது.

கடிதத்தில் தேதி ‘பிலவங்க வருஷம் ஐப்பசி மாதம்’ என்று மட்டும் இருக்கிறது. தேயிலைத் தோட்டத்தில் வேலை, உடம்பு தேவலை, வருஷா வருஷம் மூன்று பவுன் வரி கட்டி மீள முடியவில்லை, தம்பி மகளின் கல்யாணத்துக்குப் பணம் அனுப்ப இயலவில்லை என்று போகிறது. அடியில் ‘முனிசாமி படையாட்சி’ என்று அழகான கையெழுத்து. பக்கத்தில் ஒரு மசிக் கறை. உறையின் தபால்தலையில் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் என்று அச்சிட்டிருக்கிறது, சிலோன் இல்லை!

இணையத்தில் ‘படையாட்சி’ என்று ஆங்கிலத்தில் தேடினால் தென்னாப்பிரிக்காவில் வழக்கறிஞர், மருத்துவர், கிரிக்கெட் வீரர் என்று பட்டியல் முடிவதில்லை. எந்த ஆவணக் காப்பகத்தில் இந்தக் குடும்பப் பெயரைப் போட்டுத் தேடினால் அவருடைய வேறு படங்களோ கடிதங்களோ கிடைக்கும்? உறையின் இரு பக்கங்களையும் கீழே இணைத்திருக்கிறேன்.

#2 தபால்தலைப் பித்தன்

முதலில் ஒரு வேண்டுகோள். தயவுசெய்து அந்தத் தபால்தலையைத் தண்ணீரில் நனைத்து எடுத்துவிடாதீர்கள். உறையோடு இருப்பதுதான் அதன் மதிப்பு.

சிவப்பு நிறம், ஒரு பென்னி, எட்வர்டு மன்னரின் முகம். இந்த நேட்டால் தலைகள் 1902இல் தொடங்குகின்றன. 1910இல் நேட்டால் தென்னாப்பிரிக்க ஒன்றியத்துக்குள் போய்விட்டது. பிலவங்க ஆண்டு 1907 ஏப்ரலில் பிறந்து 1908 ஏப்ரலில் முடிகிறது. அதற்கு முந்தைய பிலவங்க 1847, பிந்தையது 1967. ஆகவே சந்தேகமே வேண்டாம், கடிதம் 1907 அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள் எழுதியது. அஞ்சல் முத்திரையில் ஆண்டு மசிந்திருந்தாலும் ஊர் தெரிகிறது: ஸ்டேங்கர். டர்பனுக்கு வடக்கே கடற்கரையோரக் கரும்புப் பகுதி. இப்போது அந்த ஊரின் பெயர் குவாடுகுசா.

#3 சுவடிக்கூடத்தான்

அம்மா, ஆவணக் காப்பகப் பணியில் தலை நரைத்தவன் நான். குடும்பப் பெயரை வைத்துத் தேடுவது வெள்ளைக்காரக் குடும்பங்களுக்குச் சரிப்படும். நம்மவர்களுக்கு அது கடைசிச் சாவி. உங்கள் பெரியப்பா சென்னையில் கப்பல் ஏறியபோது அவருக்குக் குடும்பப் பெயரே கிடையாது.

நேட்டாலுக்குக் கூலி ஒப்பந்தத்தில் போனவர்களின் கப்பல் பட்டியல்கள் இருக்கின்றன. 1860 நவம்பர் 16இல் டர்பனில் நின்ற ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து போனது, அதுதான் முதல் கப்பல். 1911 வரை 1,52,184 பேர் போனார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். ஆணோ பெண்ணோ கைக்குழந்தையோ, இறங்கிய ஒவ்வொருவருக்கும் வரிசையாக ஓர் எண் கொடுத்தார்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள மச்சம் தழும்பு, எந்த முதலாளிக்கு அனுப்பினார்கள் என்பதெல்லாம் அந்த எண்ணுக்கு எதிரே இருக்கும். குடும்பப் பெயருக்கு மட்டும் பத்தி இல்லை. ‘முனிசாமி, தகப்பன் இன்னார்’ என்பதோடு சரி. படையாட்சி, பிள்ளை, கவுண்டர், முதலியார், நாயக்கர் எல்லாம் அங்கே போய்ப் பிள்ளை பிறந்து, பள்ளிக்கூடத்திலும் நீதிமன்றத்திலும் ‘உன் குடும்பப் பெயர் என்ன?’ என்று கேட்டபோது ஒட்டிக்கொண்டவை. சிலர் சாதிப் பட்டத்தைச் சொன்னார்கள். சிலர் தகப்பன் பெயரைச் சொன்னார்கள். ஒரே வீட்டு அண்ணன் பிள்ளைகள் ‘படையாட்சி’யாகவும் தம்பி பிள்ளைகள் ‘முனிசாமி’யாகவும் ஆகிப்போன குடும்பங்கள் உண்டு.

ஆகவே எண்ணைத் தேடுங்கள். எண் கிடைத்துவிட்டால் மற்றக் கோப்புகளின் கதவு திறக்கும். அதுவரை ‘படையாட்சி’யை மறந்துவிடுங்கள்.

ஊரின் பெயரை இன்றைய எழுத்தில் போடாதீர்கள். உங்கள் வந்தவாசி இப்போது திருவண்ணாமலை மாவட்டம். அப்போது வட ஆர்க்காடு ஜில்லா. தாலுகா ‘வாண்டிவாஷ்’ என்று இருக்கும். கிராமத்தின் பெயர் ஆங்கில எழுத்தர் காதில் எப்படி விழுந்ததோ அப்படி இருக்கும். முனிசாமி என்பது மூன்சாமி, மூனேசாமி, முனுசாமி என்று எதுவாகவும் இருக்கலாம். பெயரின் முதல் மூன்று எழுத்துகளை மட்டும் போட்டுத் தாலுகாவால் வடிகட்டுங்கள்.

இன்னொன்று. சாதிப் பத்தியைப் பார்த்து மனம் வருந்தாதீர்கள். அக்காலத்து எழுத்தர் போட்ட பெயர் இன்று நாம் ஏற்காத பெயராக இருக்கலாம். பிற்காலத்தில் எடுத்துக்கொண்ட பட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாததாகவும் இருக்கலாம். கடல் தாண்டியபின் புதுப் பட்டம் எடுத்துக்கொண்டவர்கள் ஏராளம். அது பொய் என்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன். பெயரைக்கூடத் தானே வைத்துக்கொள்ள முடியாத ஊரிலிருந்து போனவர்கள் அவர்கள்.

#4 வந்தவாசிப் பேத்தி

மிக்க நன்றி ஐயா. ஒரு குழப்பம். தேயிலைத் தோட்டம் என்று கடிதத்திலேயே இருப்பதால்தான் வீட்டில் எல்லோரும் சிலோன் என்று நினைத்திருக்கிறார்கள். நேட்டாலில் கரும்புதானே? ஒருவேளை சிலோனிலிருந்து நேட்டாலுக்குப் போனாரோ?

#5 டர்பன் ஆசிரியை

வணக்கம் அம்மா. டர்பனில் தமிழ்ப் பள்ளி ஒன்றில் பாடம் நடத்துகிறேன். நேட்டாலில் தேயிலை இருந்தது! வட கடற்கரையில், அதுவும் ஸ்டேங்கருக்குப் பக்கத்திலேயே, கியர்ஸ்னி என்ற இடத்தில் ஹுலெட் என்ற முதலாளியின் பெரிய தேயிலைத் தோட்டமும் ஆலையும் இருந்தன. பறித்தவர்களும் வறுத்தவர்களும் பெரும்பாலும் நம் ஒப்பந்தத் தொழிலாளர்கள்தாம். 1911இல் இந்திய அரசு ஆள் அனுப்புவதை நிறுத்தியபிறகு அந்தத் தொழில் நொடித்துப்போனது. ஹுலெட் பெயர் இப்போது சர்க்கரைப் பொட்டலத்தில்தான் இருக்கிறது. இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கே தேயிலைக் கதை தெரியாது.

ஸ்டேங்கர் முத்திரையும் தேயிலையும் சேர்ந்து வருவதால், கப்பல் பட்டியலில் முதலாளி பத்தியில் ஹுலெட் பெயரையும் போட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: பட்டியலில் இருப்பது வந்த அன்று யாரிடம் அனுப்பினார்கள் என்பது. ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்தவர் எங்கு வேண்டுமானாலும் போயிருக்கலாம்.

#6 கணக்குப்பிள்ளை

எல்லோரும் தேயிலையில் நின்றுவிட்டீர்கள். அந்த மூன்று பவுன் வரியை யாரும் கவனிக்கவில்லையே!

ஒப்பந்தம் முடிந்து, ஊருக்கும் திரும்பாமல், மறு ஒப்பந்தமும் எழுதாமல் நேட்டாலில் தங்குகிறவர் ஆண்டுக்கு மூன்று பவுன் கட்ட வேண்டும் என்பது 1895இல் இயற்றிய சட்டம். அதற்குப் பின்னர் வந்தவர்களுக்குத்தான் அது பொருந்தும். அதற்கு முன்பே வந்து குடியேறியவர்கள் கட்ட வேண்டியதில்லை. ஒப்பந்தம் ஐந்தாண்டு. அதாவது 1907 ஐப்பசியில் ஒருவர் ‘வருஷா வருஷம் கட்டுகிறேன்’ என்று எழுதினால், அவர் 1895க்குப் பின் வந்திருக்க வேண்டும். 1902க்கு முன் வந்திருக்க வேண்டும். ‘வருஷா வருஷம்’ என்பதற்கு இரண்டு மூன்று தடவையாவது கட்டியிருப்பார் என்று பொருள் கொண்டால் 1896 முதல் 1900 வரை என்று இன்னும் சுருக்கலாம். அரை நூற்றாண்டுக் கப்பல்கள் நான்கைந்து ஆண்டுக் கப்பல்களாகச் சுருங்கிவிட்டன. எண்கள் வந்த வரிசையில் போவதால் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை என்றும் தெரிந்துவிடும்.

#7 சுவடிக்கூடத்தான்

கணக்குப்பிள்ளை அவர்களே, அருமை. ஆனால் ஓர் ஓட்டை இருக்கிறது. 1903இல் அந்த வரியைப் பிள்ளைகளுக்கும் நீட்டினார்கள்: பதினாறு வயது தாண்டிய பையன், பதின்மூன்று வயது தாண்டிய பெண். அவர் தம் வரியைச் சொல்கிறாரா, பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சொல்கிறாரா? கடிதத்தில் மனைவி மக்களைப் பற்றி ஏதாவது இருக்கிறதா அம்மா?

#8 வந்தவாசிப் பேத்தி

‘எனக்கும் வீட்டாளுக்கும்’ என்று இருக்கிறது. பிள்ளைகளைப் பற்றி ஒன்றும் இல்லை. அவர் தனியாகப் போனார் என்றுதான் இங்கே சொல்வார்கள். வீட்டாள் யார் என்று எவருக்கும் தெரியாது.

#9 கணக்குப்பிள்ளை

இருவருக்கும் சேர்த்து ஆண்டுக்கு ஆறு பவுன்! புதிதாக வந்த ஆணுக்கு முதலாண்டுச் சம்பளம் மாதம் பத்து ஷில்லிங், அதாவது அரைப் பவுன். ஆண்டு முழுவதும் சேர்த்தாலே ஆறு பவுன்தான். தம்பி மகளின் கல்யாணத்துக்கு எங்கிருந்து அனுப்புவார்?

#10 நாடோடி

எதற்கு இத்தனை சிரமம்? படையாட்சி என்பது கடலூர், விழுப்புரம், வட ஆர்க்காடு பக்கத்துப் பட்டம். தென்னாப்பிரிக்காவில் அந்தப் பெயர் உள்ளவர்களின் குழு ஒன்றில் சேர்ந்து அந்தப் புகைப்படத்தைப் போடுங்கள். யாராவது ‘எங்கள் தாத்தா’ என்று வருவார். எச்சில் சோதனை செய்தால் முடிந்தது.

#11 சுவடிக்கூடத்தான்

தம்பி, படத்தைப் போட்டால் யாராவது வருவார் என்பது உண்மை. யாரோ ஒருவர் கட்டாயம் வருவார், அதுதான் சிக்கலே. கோட்டும் தலைப்பாகையும் மீசையுமாக அந்தக் காலத்து ஸ்டுடியோவில் நின்ற எல்லோரும் ஒரே சாயல். கோட்டேகூட ஸ்டுடியோக்காரருடையதாக இருக்கலாம். தாத்தாவின் முகத்தைப் பார்த்தறியாத பேரன் அந்தப் படத்தில் தன் மூக்கைக் கண்டுபிடித்துவிடுவான். பிறகு அந்தப் படம் ஐம்பது குடும்ப மரங்களில் ஏறிவிடும், இறக்கவே முடியாது.

மரபணுச் சோதனையை நான் இகழவில்லை. இங்கே உங்கள் வீட்டில் ஒருவரும் அங்கே ஒருவரும் செய்துகொண்டால், உறவு உண்டா இல்லையா என்று சொல்லும். யாரிடம் கேட்பது என்று தெரிந்த பிறகு செய்ய வேண்டியது அது. சாதிப் பட்டம் ஒன்றாயிருப்பதால் உறவு என்றால், நம் மாவட்டத்துக்குள்ளேயே பாதிப் பேர் எனக்குப் பங்காளிகள்.

#12 மோக்காவாசி

மொரிசியசிலிருந்து எழுதுகிறேன். என் முன்னோர் தஞ்சை ஜில்லாவிலிருந்து வந்தவர்கள். உங்களைப் பார்த்தால் சற்றுப் பாவமாக இருக்கிறது, ஏனென்றால் எங்களுக்கு முகம் கிடைக்கிறது.

1834இல் ‘அட்லஸ்’ கப்பல் வந்தது முதல் சுமார் நாலரை லட்சம் பேர் இந்தத் தீவில் இறங்கினார்கள். ஒப்பந்தம் முடிந்தவர்கள் ‘பழைய குடியேறி’ என்ற சீட்டை எந்நேரமும் இடுப்பில் வைத்திருக்க வேண்டும். 1860களின் பிற்பகுதியில் வந்த சட்டத்துக்குப் பின் அந்தச் சீட்டில் புகைப்படம் ஒட்டினார்கள். அலுவலகத்திலும் ஒரு பிரதி வைத்துக்கொண்டார்கள். சீட்டு இல்லாமல் சாலையில் நடந்தால் போலீஸ் பிடித்துப்போய் அடைக்கும். எங்களைப் பிடிப்பதற்காக எடுத்த படங்கள் இப்போது மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தின் இந்தியக் குடியேற்ற ஆவணங்களில் இருக்கின்றன. என் கொள்ளுத் தாத்தாவின் தகப்பனார் கேமராவை முறைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்தப் படத்துக்கு நன்றி சொல்வதா, எடுத்தவனைத் திட்டுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஆனால் எங்களுக்கும் குடும்பப் பெயரால் பயன் இல்லை. இங்கே பாட்டனின் சொந்தப் பெயரே பரம்பரைப் பெயராக நின்றுவிட்டது: வீராசாமி, அப்பாசாமி, மூருகன், சூப்ரமணியன். அதையும் பிரெஞ்சுக் காதுக்கு ஏற்ற எழுத்தில் எழுதினார்கள். எண்ணைக் கொண்டு போனால்தான் ஏட்டைப் புரட்ட முடியும். திருமணப் பதிவு, பிறப்புப் பதிவு ஆகியவற்றில் பெற்றோரின் எண் இருக்கும். அதைப் பிடித்து மேலே ஏறுகிறோம்.

#13 வந்தவாசிப் பேத்தி

பொறாமையாக இருக்கிறது! அப்படியானால் நேட்டாலில் படம் எடுக்கவே இல்லையா?

#14 டர்பன் ஆசிரியை

இதற்கு நிதானமாகப் பதில் எழுத வேண்டும்.

கப்பலில் வந்த ஒப்பந்தத் தொழிலாளர்களை மொரிசியஸ் போல ஒவ்வொருவராகப் படம் எடுத்து ஏட்டில் ஒட்டும் வழக்கம் நேட்டாலில் இல்லை. ஆனால் அந்தக் காலத்துப் படங்கள் டர்பனில் நிறையவே இருக்கின்றன. உள்ளூர் வரலாற்று அருங்காட்சியகம், கில்லி கேம்ப்பெல் தொகுப்பு, குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம், 1860 மரபு மையம் ஆகிய நான்கு இடங்களிலும் கேட்கலாம். லண்டனில் தேசிய ஆவணக் காப்பகம் பழைய குடியேற்ற அமைச்சகத்தின் ஆப்பிரிக்கப் படங்களைப் பெருமளவில் இணையத்தில் ஏற்றியிருக்கிறது. ஆனால் எதிலும் உங்கள் குடும்பப் பெயரைப் போட்டால் ஒன்றும் வராது. குறிப்பில் ‘கரும்பு வெட்டும் இந்தியர்கள்’, ‘இந்தியப் பெண், நேட்டால்’ என்றுதான் எழுதியிருப்பார்கள். தோட்ட முதலாளியின் பெயர் இருக்கும், அவர் குதிரையின் பெயர்கூட இருக்கும், பின்னால் வரிசையாக நிற்கும் நம்மவர் நாற்பது பேருக்குப் பெயர் இருக்காது. அதனால் படத் தொகுப்புகளைத் தோட்டத்தின் பெயராலும் ஊரின் பெயராலும் தேட வேண்டும். உங்களுக்குக் கியர்ஸ்னி, ஸ்டேங்கர்.

பெயரும் முகமும் ஒன்றாகக் கிடைக்கிற இடங்கள் வேறு.

முதலாவது, குடியேற்றக் கட்டுப்பாட்டுத் துறையின் கோப்புகள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஊருக்குப் போய்த் திரும்பி வர விரும்பிய இந்தியர் தாம் நேட்டால்வாசி என்று சான்று வாங்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அந்த விண்ணப்பங்களில் பெருவிரல் ரேகை இருக்கும், பிற்காலத்தவற்றில் படமும் இருக்கும். கேப் டவுன் கோப்புகளிலும் இப்படியே. உங்கள் பெரியப்பா திரும்பவே இல்லை என்றால் அவருக்குக் கோப்பு இராது. அவர் பிள்ளைகளில் எவராவது பெண் எடுக்கவோ ஊர் பார்க்கவோ இந்தியா வந்திருந்தால் இருக்கலாம்.

இரண்டாவது, கோயில் மலர்கள். இதை யாரும் தேடுவதில்லை. எனக்கு இதுதான் பிடித்த இடம். எங்கள் ஊர்க் கோயில்கள், தமிழ்ப் பள்ளிகள், கால்பந்துக் குழுக்கள் எல்லாம் ஐம்பதாம் ஆண்டு, நூறாம் ஆண்டு என்று மலர் போட்டிருக்கின்றன. அவற்றில் ‘நிற்பவர்கள் இடமிருந்து வலம்’ என்று பெயர் வரிசையோடு பழைய படம் இருக்கும். அருங்காட்சியகம் எழுதாமல் விட்ட பெயர்களைக் கோயில் செயலாளர்கள் எழுதி வைத்தார்கள். ஆவண மையத்தில் இந்த மலர்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன.

மூன்றாவது, காந்தி நடத்திய ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழ். 1903இல் தொடங்கியது; தொடக்க ஆண்டுகளில் தமிழ்ப் பகுதியும் இருந்தது. 1913 வேலைநிறுத்தத்தின்போது யார் சிறை போனார்கள், எத்தனை மாதம் என்று பெயர் போட்டு வெளியிட்டார்கள். 1914இல் வந்த பொன்மலரில் படங்களும் உண்டு. வரியை ஒழிக்க நடந்த போராட்டம் அது. வட கடற்கரைத் தோட்டங்களும் அதில் எழுந்தன. 1914இல் வரி ஒழிந்தது. சபர்மதி ஆசிரமம் நடத்தும் காந்தி மரபு இணையதளத்தில் இதழ்களைப் படிக்கலாம். உங்கள் பெரியப்பா அப்போது உயிரோடு இருந்திருந்தால், வரியைப் பற்றி அவ்வளவு புலம்பியவர் சும்மா இருந்திருப்பாரா?

நான்காவது, வீடுகள். அங்கே ஒரு துயரம் இருக்கிறது. 1950இல் வந்த இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் எங்கள் மக்களை டர்பனின் பழைய குடியிருப்புகளிலிருந்து கிளப்பிச் சாட்ஸ்வொர்த் போன்ற இடங்களில் கொண்டுபோய்ப் போட்டார்கள். லாரியில் ஏற்றியது பாத்திரத்தையும் கட்டிலையும். சட்டமிட்ட படங்கள் பலவும் அப்போது போனவைதான்.

#15 தபால்தலைப் பித்தன்

நேட்டாலுக்கு அடுத்த டிரான்ஸ்வாலில் இந்தியர்கள் 1908 ஆகஸ்டில் மசூதி வாசலில் தங்கள் கைரேகைப் பதிவுச் சான்றுகளை இரண்டாயிரத்துக்கு மேல் கொப்பரையில் போட்டு எரித்தார்களே, அதை நினைத்தால் மட்டும் எனக்கு இரண்டு மனம். போராட்டம் நியாயம். ஆனாலும் அத்தனை ரேகைகளும் சாம்பல்!

#16 சுவடிக்கூடத்தான்

சேகரிப்பவர் புத்தி போகாது உங்களுக்கு. அவை அரசின் பதிவேட்டில் எப்படியும் இருந்தன. எரிந்தது அவரவர் கையிலிருந்த பிரதி.

படத்தைப் பற்றி ஆசிரியை அம்மா விரிவாகச் சொல்லிவிட்டார். கடிதத்தைப் பற்றி நான் சொல்கிறேன். இந்தியக் குடியேறிகளுக்கு நேட்டாலில் ‘காப்பாளர்’ என்று ஓர் அதிகாரி இருந்தார். அடித்தார்கள், கூலி தரவில்லை, மனைவியை வேறு தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள் என்று வருகிற முறையீடுகள் எல்லாம் அவர் மேசைக்கு வந்தன. அந்த அலுவலகக் கோப்புகள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றில் பல, எழுத்தறியாதவர் சொல்ல மற்றொருவர் எழுதியவை. உங்கள் கடிதமும் அப்படித்தான் என்று எனக்குப் படுகிறது. எழுத்து அழகு, பக்கத்தில் மசிக் கறை என்கிறீர்களே, அது கறையன்று, கைநாட்டாக இருக்கும். ‘படையாட்சி’ என்ற பட்டத்தைப் போட்டதும் எழுதிக் கொடுத்தவராக இருக்கலாம், சொன்னவராக இருக்கலாம்.

தென்னாப்பிரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘நார்ஸ்’ என்ற தேடுகருவியைப் பயன்படுத்துங்கள். அதில் ஆவணத்தின் படம் கிடைக்காது. கோப்பின் தலைப்பும் கட்டு எண்ணும் மட்டும் கிடைக்கும். இங்கேதான் உங்கள் குடும்பப் பெயருக்கு வேலை வருகிறது! இறந்தவரின் சொத்துக் கோப்புகளை ‘காலஞ்சென்ற இன்னார், உயிரோடிருக்கும் மனைவி இன்னார்’ என்று குடும்பப் பெயரின்கீழ் பட்டியலிட்டிருக்கிறார்கள். சிறு நிலமோ கடையோ வைத்திருந்தவருக்கும் கோப்பு உண்டு. உள்ளே இறப்பு அறிவிப்புப் படிவம் இருக்கும்: பிறந்த நாடு, தாய் தகப்பன் பெயர், மனைவி, பிள்ளைகள் எல்லோரும் அதில் வருவார்கள். நேட்டால் சொத்துக் கோப்புகளில் ஒரு பகுதியை ஃபேமிலிசர்ச் என்ற குடும்ப வரலாற்றுத் தளத்திலும் ஏற்றியிருக்கிறார்கள். கணக்குத் தொடங்கக் கட்டணம் இல்லை.

அந்த ‘வீட்டாளை’ விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு கப்பலிலும் நூறு ஆணுக்கு நாற்பது பெண்ணாவது இருக்க வேண்டும் என்பது விதி. தனியாக வந்த பெண்ணுக்குத் தனி எண். 1891 சட்டத்தின்படி இந்தியத் திருமணங்களைக் காப்பாளரிடம் பதிய வேண்டும். அந்தப் பதிவில் இருவர் எண்ணும் இருக்கும். முனிசாமிகள் தெருவுக்கு நான்கு பேர். வீட்டாளின் பெயர் அவ்வளவு சாதாரணமாக இல்லாமலிருந்தால் அவர் வழியாகவே இவரைப் பிடிக்கலாம்.

#17 நாடோடி

என் பாட்டி வழியில் ஃபிஜிக்குப் போனவர்கள் உண்டு. அங்கும் இதே முறைதானா?

#18 மோக்காவாசி

ஃபிஜிக்குச் சென்னையிலிருந்து ஆள் ஏற்றியது 1903 முதல் 1916 வரைதான், அதனால் உங்கள் வேலை எளிது. ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் குடியேற்றச் சீட்டு. ஊர், தாலுகா, தகப்பன் பெயர், நெருங்கிய உறவினர் எல்லாம் அதில் உண்டு. மூலம் ஃபிஜித் தலைநகர் சுவாவில் இருக்கிறது. தனி இழை தொடங்குங்கள், இங்கே கலந்தால் குழம்பிப்போகும்.

#19 கணக்குப்பிள்ளை

சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தை யாரும் குறிப்பிடவில்லையே?

#20 சுவடிக்கூடத்தான்

வேண்டுமென்றேதான் குறிப்பிடவில்லை. எழும்பூரில் குடியேற்றம் தொடர்பான அரசாணைகளும் கடிதப் போக்குவரத்தும் ஆண்டுவாரியாக இருக்கின்றன. கொள்கை ஆராய்கிறவருக்கு அது தங்கச் சுரங்கம். ஓர் ஆளைத் தேடுகிறவர் அங்கே தொடங்கினால் சோர்ந்துபோவார். எண்ணும் கப்பலும் ஆண்டும் கையில் வந்தபிறகு போகலாம். இறந்த தொழிலாளியின் பாக்கிக் கூலி ஊரிலுள்ள வாரிசுக்கு வந்து சேர்ந்ததா என்ற எழுத்துப் போக்குவரத்து, இரு நாட்டு அதிகாரிகளுக்கும் இடையே நடந்தது. அப்படி ஏதாவது உங்கள் குடும்பத்துக்கு வந்ததாகப் பேச்சு உண்டா என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள்.

#21 வந்தவாசிப் பேத்தி

எல்லோரும் சொன்னபடி தேடிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

வட ஆர்க்காடு, வாண்டிவாஷ் தாலுகா, 1895க்குப் பின் 1902க்கு முன், பெயரின் முதல் மூன்று எழுத்து. இவற்றைச் சேர்த்துப் போட்டதும் பட்டியல் ஒரு பக்கத்துக்குள் வந்துவிட்டது. அதில் தகப்பன் பெயர் எங்கள் குடும்பத்துப் பெயரோடு பொருந்துகிறவர்கள் இருவர். ஒருவர் முதலாளி ஹுலெட். கிராமத்தின் பெயர் எங்கள் ஊர்போல ஒலிக்கிறது, ஆனால் நடுவில் ஓர் எழுத்து விழுந்திருக்கிறது. வலது புருவத்தின்மேல் தழும்பு என்று எழுதியிருக்கிறது. மற்றவர் தென் கடற்கரையில் ஒரு கரும்பு முதலாளி; கிராமம் எங்கள் ஊருக்கு அடுத்த ஊர். வயதும் இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றே.

புகைப்படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தலைப்பாகை புருவம் வரை இறங்கியிருக்கிறது!

அம்மாவிடம் பாக்கிக் கூலியைப் பற்றிக் கேட்டேன். ‘கப்பல் பணம்’ என்று ஒன்று வந்து, அதில்தான் கிணறு வெட்டியதாக அவருடைய பாட்டி சொல்வாராம். அது மணியார்டரா, அவர் இறந்தபின் வந்த தொகையா என்று தெரியவில்லை.

நார்ஸில் குடும்பப் பெயரைப் போட்டதில் முனிசாமி படையாட்சி என்ற பெயரில் சொத்துக் கோப்புகள் பல வருகின்றன. 1920களுக்கு உரிய ஒன்றில் மனைவி பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைக் கேட்டதும் அம்மா, ‘என் அத்தைக்கு அந்தப் பெயரைத்தானே வைத்தார்கள், எதற்கு வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது’ என்றார். இதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாமா ஐயா?

#22 சுவடிக்கூடத்தான்

ஆதாரமாகாது. ஆனால் எந்தக் கோப்பை முதலில் பார்ப்பது என்பதற்கு அது போதும்.

இறப்பு அறிவிப்பில் தாய் தகப்பன் பெயரைப் பாருங்கள். பிள்ளைகள் சொல்லி எழுதியதாக இருந்தால் அது பிழைபட்டிருக்கலாம். மனைவி சொல்லி எழுதியதாக இருந்தால் கூடுதலாக நம்பலாம். யார் கையெழுத்திட்டார் என்பது அடியில் இருக்கும். திருமணப் பதிவின் நகல் உள்ளே இருந்தால் எண் கிடைக்கும். அந்த எண் நீங்கள் கண்ட இரு முனிசாமிகளில் ஒருவருடையதாக இருந்தால் முடிந்தது. இருவருடையதுமாக இல்லாவிட்டால் அதுவும் ஒரு விடைதான், அடுத்த கோப்பை எடுங்கள்.

#23 டர்பன் ஆசிரியை

கோப்பு பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில்தான் இருக்கிறது; பள்ளி விடுமுறையில் அந்தப் பக்கம் போகிறேன், பார்த்து வருகிறேன் அம்மா. நார்ஸில் வருகிற வரி முழுவதையும் அப்படியே எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்: காப்பகக் குறியீடு, கட்டு எண், கோப்பு எண், ஆண்டு. பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் எடுத்துத் தரமாட்டார்கள். உங்கள் கடிதத்தின் கைநாட்டையும் தெளிவாகப் படமெடுத்து அனுப்புங்கள். கோப்பில் அவர் வைத்த ரேகை ஏதாவது இருந்தால் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒவ்வொரு தாளின் பின்புறத்தையும் எடுத்து வருகிறேன், மொழிபெயர்ப்பாளர் குறிப்புகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

#24 வந்தவாசிப் பேத்தி

இப்போதே அனுப்புகிறேன் அக்கா. அந்த இன்னொரு முனிசாமியின் எண்ணையும் சேர்த்து அனுப்பட்டுமா? அடுத்த ஊர்க்காரர், அவரையும் யாராவது தேடிக்கொண்டிருப்பார்கள்.

#25 டர்பன் ஆசிரியை

அனுப்புங்கள். அவருக்கும் கோப்பு இருக்கிறதா என்று பார்த்துவிடுகிறேன்.